எண்ணிப் புறப்படுதல்

ஆனி மாதத்து ஒரு மாலை. பாடம் முடிந்தது. வழக்கமாக ஏட்டை மடித்த கையோடு புறப்பட்டுவிடும் மாணவர் சிலர் அன்று என் மேசையைச் சூழ்ந்து நின்றனர். இலக்கண ஐயம் வினாவ வருவோர் அவ்வளவு மலர்ந்த முகத்தோடு வருவதில்லை. ஆதலின் வேறு ஏதோ கருமம் உண்டென்று கண்டுகொண்டேன். அவருள் ஒருவர் நான்காய் மடித்த தாள் ஒன்றை விரித்து என்முன் வைத்தார்.

"ஐயா, ஓகஸ்ட் விடுமுறைக்கு நெடுந்தீவு போகத் திட்டம் போட்டிருக்கிறம். நீங்களும் வரவேணும்."

தாளை வாசித்தேன். நாற்பது பேர், ஐந்து நாள். முதல் நாள் இடிந்த கோட்டையும் புறாக்கூடும். இரண்டாம் நாள் குதிரை பார்த்தல். மூன்றாம் நாள் பெருக்குமரமும் வெடியரசன் கோட்டையும். எஞ்சிய இரண்டு நாளும் கடற்குளிப்பு. அதன்கீழ்க் கொண்டுபோகும் பொருள்களின் நிரல்: அரிசி, பருப்பு, கருவாடு, துடுப்பாட்ட மட்டை இரண்டு, கைப்பேசிக்கு மின்னேற்றி, ஒலிபெருக்கி ஒன்று. எழுத்துப் பிழை நான்கு இருந்தன. அவற்றைச் சிவப்பு மையால் திருத்திய பின்னரே மற்றதைப் பேசத் தொடங்கினேன். முப்பதாண்டுப் பழக்கம் எளிதில் விடுவதன்று.

போக விரும்புதல் நன்றே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் நுவரெலியாவின் குளிரை அறிவர்; கண்டி வாவியை அறிவர்; தம் வாசலுக்கு அப்பால் மேற்கே கிடக்கும் தீவுகளை அறியார். அத்தீவுகளுள் நெடுந்தீவு பெரியது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஒல்லாந்தர் அதற்குத் தம் நாட்டு நகர் ஒன்றின் பெயரை இட்டு டெல்வ்ற் என்றனர். காரைநகருக்கு அம்ஸ்ரடாம் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும் அவர் இட்ட பெயர்கள் வழக்கொழிந்து போயின; டெல்வ்ற் மட்டும் அரசாங்க ஏடுகளில் இன்றும் நிலைத்திருக்கின்றது. சுண்ணச்சாந்து இல்லாமல் முருகைக்கல்லைக் கல்லின்மேற் கல்லாக அடுக்கி எழுப்பிய வேலிகளை அங்கே காணலாம். ஐரோப்பியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை கட்டுவார் இன்றி வெளிகளில் மேயும். ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்குமரம் ஒன்று, உள்ளே ஆட்கள் புகுந்து நிற்கத்தக்க பொந்தோடு நிற்கின்றது. இவற்றையெல்லாம் இளமையிற் கண்டவன் நூலறிவோடு நில்லான். ஆகவே மாணவரைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தாளைத்தான் தடுத்தேன்.

திட்டம் போடுதல் என்பது இக்கால வழக்கு. எண்ணுதல் என்பது பழைய சொல். அதற்குக் கருதுதல் என்பது ஒரு பொருள். கணக்கிடுதல் என்பது மற்றொரு பொருள். இரண்டு வினையையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது. மாணவர் கருதியிருந்தனர், கணக்கிட்டிலர். கணக்கிட்டனவும் தம் மூட்டைக்குள் அடங்குவனவே. போய்ச் சேரும் இடத்தில் என்ன உண்டு, எவ்வளவு உண்டு, எப்போது உண்டு என்பதை ஒருவரும் எண்ணவில்லை.

முதலில் காற்றை எண்ணவேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று இலங்கையின் தென்மேற்குக் கரையையும் மலைநாட்டையும் நனைத்துவிட்டு நம்மிடம் வெறுங்கையோடு வருகின்றது. அக்காலத்தில் வடக்கே புழுதிதான் எழும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழை வரும். நம் ஆண்டு மழையிற் பெரும்பங்கு அப்போதுதான் பெய்கின்றது. ஆனால், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் எழுந்தால் படகு ஓடாது; போனவர் போன இடத்திலே இருக்கவேண்டியதுதான். பள்ளி விடுமுறைகளோ வழமையாக ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வருவன. இம்மூன்றும் தீவைக் கேட்டு வகுக்கப்பட்டவை அல்ல. டிசெம்பரில் நீர் உண்டு, கடல் விடாது. ஓகஸ்டிற் கிணறு வற்றிக் கிடக்கும். ஏப்ரலிற் கடல் தணிந்திருக்கும், வெயில் தணியாது. மாசியின் பிற்பகுதியே ஏற்ற காலம். வாடையும் தணிந்துவிடும், மாரி மழையின் நீரும் கிணற்றில் இருக்கும். அப்பொழுது விடுமுறை இல்லை! விடுமுறை தருவோர்க்கும் வெயில் தருவோனுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இல்லைப் போலும்.

இரண்டாவதாக எண்ணவேண்டியது நீர். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் தீவு என்பதன் உயிர்நிலை அதிலேதான் இருக்கின்றது.

நெடுந்தீவில் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே இறங்கி நிலத்தின்கீழ்த் தங்குகின்றது. அது தங்கும் விதந்தான் வியப்பானது. தீவின் அடியிலும் உவர்நீர் பரந்து கிடக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது. ஆதலின் உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. இக்கணக்கை ஒல்லாந்தர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்ஸ்ரடாம் நகருக்கு அருகே கிணறு தோண்டுதல் பற்றி எழுதியபோது கண்டார். அவரை அறியாமலே ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் 1901 இல் எழுதிய கட்டுரை ஒன்றிலும் அதே கணக்கு வந்தது. அக்கட்டுரையின் பொருள் என்ன தெரியுமா? வடகடற் கரையில் விடுமுறைக்காகக் கூடுவோர் நீராடும் ஊர்களுக்குக் குடிநீர் கொடுப்பது எவ்வாறு என்பது. விடுமுறைக்கு வருவோர் எவ்வளவு நீர் குடிப்பர் என்று ஒரு நாட்டார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணத் தொடங்கிவிட்டனர்.

இந்த நாற்பதுக்கு ஒன்று என்னும் கணக்குக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. மேலே நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே நன்னீரின் அடித்தளம் நாற்பது அடி ஏறிவரும் என்பதே அது. ஒரே கிணற்றில் ஒரே நாளில் மிகுதியாக இறைத்தால், கிணற்றுக்கு நேர்கீழே உவர்நீர் கூம்பு போல எழும்பும். எழுந்தது உடனே இறங்குவதில்லை. தீவார் இந்நூல் ஒன்றும் படித்திலர். ஆயினும் ஒரு கிணற்றில் எத்தனை வாளி அள்ளலாம் என்பதை அவர் அறிவர். அதை யான் எவ்வாறு அறிந்தேன் என்பதைச் சொல்லிவிடுகின்றேன். சொல்லக் கூசும் செய்திதான்.

2009 இற் போர் முடிந்தது. அடைபட்டிருந்த வழிகள் திறந்தன. தெற்கிலிருந்து வடக்குக்கும், வடக்கிலிருந்து அதன் கரைகளுக்கும் சனங்கள் பெருகிச் சென்ற காலம். 2011 ஓகஸ்டில் யானும் 38 மாணவரைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவு சென்றேன். முன்னறிவித்தல் இல்லை. தெரிந்தவர் ஒருவரின் உறவினர் வீடு அங்கே உண்டு, போனாற் பார்ப்பார்கள் என்ற துணிவுதான். பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மா எங்களைக் கண்டு முகங் கோணவில்லை. முற்றத்திற் பாய் விரித்தார், ஒடியற்கூழ் காய்ச்சினார். மாலையிற் பிள்ளைகள் கடலில் ஆடிவிட்டு வந்து உப்பைக் கழுவக் கிணற்றடியிற் கூடினர். ஒருவர் மாறி ஒருவராகத் துலாவை இழுத்தனர். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் இறைத்துப் பழகிய கைகள்! ஆளுக்குப் பத்து வாளிக்குக் குறையாது. வாளிக்குப் பத்து லீற்றர் என்றாலும் 3,800 லீற்றர் ஆயிற்று. யான் திண்ணையில் இருந்து அந்த ஆரவாரத்தைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

விடியற் புறத்தில் எழுந்தேன். வீட்டுக்கார அம்மாவும் அவர் மகளும் இடுப்பிற் குடத்தோடு படலையைத் திறந்து உள்ளே வந்தனர். எங்கே போய் வருகின்றீர்கள் என்றேன். தெற்குப் பக்கத்தில் ஒரு துரவு உண்டு, அங்கே நல்ல தண்ணீர் என்றார். வீட்டிலேயே கிணறு இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது ஒண்டுமில்லை, மாஸ்ரர். கிணறு கொஞ்சம் ஆறவேணும். பிள்ளையள் ஆசைக்குக் குளிச்சவை, குளிக்கட்டும்."

கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். சவர். முதல் நாள் மதியம் நாங்கள் அதே கிணற்றிற் குடித்த நீர் அவ்வாறு இருக்கவில்லை. எத்தனை நாளில் ஆறும் என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. மழை வரும்வரை ஆறாது என்பதைப் பின்னர் அவ்வூர் முதியவர் ஒருவர் சொன்னார். ஓகஸ்டிலிருந்து ஐப்பசி மழை வரை இரண்டு மாதத்துக்கு மேல் உண்டு. நாங்கள் ஒரு மாலை குளித்ததற்கு அந்த அம்மாவும் மகளும் அத்தனை நாள் குடம் சுமந்திருப்பர். அதே வெளிகளில் மேயும் குதிரைகள் கடுங் கோடைகளில் நீரின்றி மடிவதைப் பத்திரிகைகளிற் படித்து இரங்குகின்றோம். மனிதர் நடந்த நடை பத்திரிகையில் வருவதில்லை.

திரும்பும்போது மற்றொரு பிழை செய்தோம். காலைப் படகுக்கு நாங்கள் 38 பிள்ளைகளும் யானும் முந்தி ஏறிவிட்டோம். படகு நிறைந்தது. இறங்குதுறையிற் சிலர் நின்றுவிட்டனர். அவருள் மருத்துவமனைச் சீட்டைக் கையில் மடித்து வைத்திருந்த ஒரு முதியவரும் இருந்தார். கை காட்டி அழைக்கவும் இல்லை, வைதலும் இல்லை. அடுத்த படகுக்காக அங்கே ஒரு கல்லில் அமர்ந்துகொண்டார்.

நமக்குப் படகு ஓர் உல்லாசம். அவர்க்கு அது தெரு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலங் கடந்து, வேலணையூடாகப் புங்குடுதீவு சென்று, குறிகாட்டுவான் வரை நிலவழி உண்டு. அதற்கப்பால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். பரீட்சைக்கும் பிரசவத்துக்கும் காணி உறுதிக்கும் அக்கடலைத்தான் கடக்கவேண்டும். 1985 மே 15 அன்று அக்கடலில், குமுதினி என்னும் படகிற் சென்றோர், பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்டோர், நடுவழியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் விடுமுறைக்குப் போனவர்கள் அல்லர். அன்றாடக் கருமத்துக்குப் போனவர்கள். ஆண்டுதோறும் அந்நாளைத் தீவார் நினைவுகூர்கின்றனர். என் மேசையைச் சூழ்ந்து நின்ற மாணவரிடம் குமுதினி என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பூ என்றார் ஒருவர். ஆம்பல் என்று விளக்கமும் சொன்னார். நிகண்டறிவு சரியே. மற்றதை யான் சொன்னேன். ஒலிபெருக்கி என்ற சொல்லை அவர் தாமாகவே தாளில் வெட்டிவிட்டார்.

குறிகாட்டுவான் துறையில் நின்றால் எதிரே நயினாதீவுக் கோபுரம் தெரியும். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் அதுவே என்பாரும் உளர். அன்று என்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்க வந்தேனல்லேன். மணிபல்லவம் என்றதும் நம் மாணவர் மணிமேகலையையே நினைக்கின்றனர். தெய்வம் உறக்கத்திலே தூக்கிச் சென்ற பயணம் அது. அவள் எண்ணவேண்டியது ஒன்றும் இல்லை. அத்தீவுக்குப் போன மற்றொருவனை மறந்துவிடுகின்றனர். ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்தது. பாண்டி நாடு செழித்துவிட்டமையால் உண்பார் இல்லை. சாவக நாட்டிற் பசி உண்டென்று கேட்டுக் கப்பலேறினான். காற்று மிகுந்தமையாற் கப்பல் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்கிற்று. அவன் இறங்கினான். இறங்கியவன் மீண்டும் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பலோர் இருளிலே பாய் விரித்துப் போய்விட்டனர். ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லாத தீவில், ஊட்டுங் கலத்தைக் கையில் ஏந்தித் தனித்து நின்றான். கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீத்தான்.

சாத்தனார் கப்பலோரை வையவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவர் கொடியவர் அல்லர். அவனை வேண்டுமென்று விட்டவரும் அல்லர். ஏறியிருப்பான் என்று கருதினர், தலைகளைக் கணக்கிடவில்லை. அவ்வளவே. இறங்குதுறைக் கல்லில் இருந்த முதியவரை நினைக்குந்தோறும் எனக்கு இந்தக் காதை நினைவுக்கு வருகின்றது. 2011 இல் யானும் கொடியவனாய்ப் போகவில்லை.

தீவு வாழ்வின் இக்கணக்கு நெடுந்தீவுக்கு மட்டும் உரியதன்று. விமான நிறுவனங்களின் விளம்பரங்களில் மாலைத்தீவின் நீலக்கடலைக் காண்கின்றோம். அங்கேயும் மணல் தீவுகளின் அடியில் மிதப்பது அதே நன்னீர் வில்லைதான். தலைநகர் மாலேயில் மக்கள் பெருகி அது உதவாது போகவே, கடல்நீரை நன்னீராக்கிக் குடித்தனர். 2014 டிசெம்பரில் அந்நிலையத்திலே தீ மூண்டது. ஏறத்தாழ ஓரிலட்சம் பேர், சுற்றிலும் நீர் சூழ இருந்தும், குடிக்க நீரின்றி நின்றனர். அயல்நாடுகள் விமானத்திலும் கப்பலிலும் நீர் அனுப்பின. விளம்பரத்தில் அந்த நீலந்தான் உண்டு. அந்த நாள்கள் இல்லை.

இவ்வளவையும் கேட்டபின் மாணவர் ஒருவர், "அப்ப போகவேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ, ஐயா?" என்று கேட்டார். அவ்வாறு சொன்னேனல்லேன். வெளியார் வருகையால் தீவார்க்குச் சில வருவாய் உண்டு. முச்சக்கர வண்டி ஓட்டுவோரும், சோறு சமைத்துக் கொடுப்போரும், பனங்கட்டியும் புளுக்கொடியலும் விற்போரும் நம்மை எதிர்பார்க்கின்றனர். ஒருவரும் வராத தீவு நலமாக இருக்கும் என்று நினைப்பது நகரத்தார் ஒருவகைச் சோம்பல். போகவேண்டும், கேட்டுப் போகவேண்டும். கடிதம் எழுதுவது அவ்வளவு கடினமா? கைப்பேசியில் ஊரெல்லாம் பேசுகின்றோம். விருந்தாகப் போகும் வீட்டுக்கு மட்டும் சொல்லாமற் போகின்றோம். கோயிலுக்குப் போவார் நாளும் கோளும் பார்க்கின்றனர். தீவுக்குப் போவார் கிணற்றைப் பார்த்தால் என்ன?

மாணவர் தாளை எடுத்துச் சென்றனர். ஒரு வாரங் கழித்து வேறொரு தாள் வந்தது. எழுத்துப்பிழை ஒன்றுதான். நாற்பது பேர் பன்னிருவர் ஆயினர். மற்றையோர் பின்னர் இரு முறை பிரிந்து போவர். ஐந்து நாள் இரண்டு நாளாய்க் குறைந்தது; மாசி மாதத்து ஒரு சனி, ஞாயிறு. கடற்குளிப்பு உண்டு; நன்னீர்க் குளிப்பு வீடு திரும்பியபின். குடிநீரை அவரவர் கொண்டுபோதல், வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொணர்தல். படகில் ஊரார் ஏறியபின் ஏறுதல். துடுப்பாட்ட மட்டை ஒன்று மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெடுந்தீவில் ஆசிரியராயிருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு இத்தாளின் படியை அனுப்பி, வரலாமோ என்று கேட்டு எழுதினோம். சென்ற திங்கட்கிழமை மறுமொழி வந்தது. "மாசியில் வருவது நல்லது, ஐயா. தங்கும் வீட்டாரோடு பேசிவிட்டேன். கிணற்றையும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகின்றேன். பன்னிரண்டு பேருக்கு ஒரு குறையும் வராது. அதற்குமேல் ஒருவரும் வேண்டாம்" என்று எழுதியிருந்தார். என்னிடம் படித்தவர், தெளிவாக எழுதுவார்.

கடிதத்தை வகுப்பிலே உரக்க வாசித்தேன். ஆரவாரம் அடங்கியபின், பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பன்னிரண்டும் மாணவர் பெயர். என் பெயர் அதில் இல்லை. ஐயா வருவார்தானே என்று எல்லாருங் கருதியிருக்கின்றனர். எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. பதின்மூன்றாமவன் யான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். தாம் நின்றுகொள்வதாக இருவர் சொன்னார்கள். குரலில் உறுதி இல்லை. சீட்டுக் குலுக்கலாம் என்றார் வேறொருவர். என் பெயரையும் எழுதிப் போடும்படி சொல்லியிருக்கின்றேன். வெள்ளிக்கிழமை, பாடம் முடிந்தபின், குலுக்கல்.